வளர்ந்த பிள்ளைகளோடு லீவுப் பயணம்: மலையகக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, கண்டி என்று எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, 13 வயதிலிருந்து 18 வயதுக்குள் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் லீவு நெருங்கும்போது இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. ஊர் உலகமெல்லாம் நம்ம மலையைப் பார்க்க வருகிறது, நாம் இங்கேயே இருக்கிறோம், அதனால் வெளியூர்க்காரருக்காக எழுதிய பயணக் குறிப்புகள் நமக்குப் பாதிதான் உதவும். இந்த வயசுப் பிள்ளைக்குப் பயணத்தின் ஒரு பாகத்தைக் காசோடு சேர்த்து முழுசாகக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பல பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

"எங்கே போகலாம்?" என்று கேட்டால் "எங்கேயாவது" என்று சொல்லிவிட்டு மறுபடி போனைப் பார்க்கிறான். எப்படிப் பேசுவது?

அவ்வளவு பெரிய கேள்விக்கு வேறு என்ன பதில் வரும்? கையில் எவ்வளவு காசு இருக்கிறது, எத்தனை நாள், யார் யார் வருகிறார்கள் என்று எதுவுமே அவனுக்குத் தெரியாது. ஏதாவது சொன்னாலும் "அதுக்கெல்லாம் வசதியில்லை" என்று நாம் தட்டிவிடுவோம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். முதலில் கணக்கைச் சொல்லுங்கள். இரண்டு ராத்திரி, இவ்வளவு ரூபாய், ஐந்து பேர், ஆச்சியால் படி ஏற முடியாது. இதற்குள் அடங்கும் இரண்டு இடங்களைச் சொல்லி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள், செய்த பிறகு தயவுசெய்து மாற்றாதீர்கள். பாசிக்குடாவா திருகோணமலையா என்று கேட்டு, பிள்ளை பாசிக்குடா என்று சொன்ன பிறகு "கோணேஸ்வரத்துக்கு ஒரு நேர்த்தி இருக்கே" என்று அப்பா பேச்சைத் திருப்பினால் அடுத்த வருசம் அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

என் மகள் ஒரு தடவை சி.ஆர். கொப்பியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஹப்புத்தளைப் பயணத்தைத் தானே எழுதினாள். பஸ் நேரம், டிக்கட் காசு, பகல் சாப்பாடு என்று வரிசையாகப் போட்டிருந்தவள், ஒரு கட்டத்தில் "அம்மா முழங்கால், 20 நிமிசம்" என்று எழுதியிருந்தாள். ஏற்றத்தில் நான் உட்காரப் போகும் நேரத்தையும் சேர்த்துத்தான் அடுத்த பஸ்ஸைக் கணக்குப் போட்டிருந்தாள். பொறுப்பைக் கொடுத்தால் இவர்கள் எதையெல்லாம் கவனிக்கிறார்கள் என்று பார்க்கலாம், வேறு எந்த வழியிலும் அது வெளியே வராது.

எந்த மாதம் போவது நல்லது?

ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று மூன்று லீவு. சரியான திகதிகள் வருசத்துக்கு வருசம் நகர்வதால் கல்வி அமைச்சின் தவணை அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் புக் பண்ண வேண்டும். சாதாரண தரம் (சா/த), உயர் தரம் (உ/த) எழுதும் பிள்ளை இருந்தால் பரீட்சைத் திகதியையும், டியூஷன் வகுப்புக்கு எப்போது லீவு என்பதையும் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள், நமக்கு அது சரியாகத் தெரியாது.

மழைக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் கொட்டும், அப்போது ஊவாப் பக்கமும் கிழக்குக் கடற்கரையும் வெயிலாக இருக்கும். வருசக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் இது தலைகீழாகிவிடும், பதுளைப் பக்கமும் மட்டக்களப்பும் நனையும். ஆகஸ்ட் லீவுக்கு ஊவா அல்லது கிழக்குக் கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நீண்ட வார இறுதி ஏதாவது கிடைத்தால் நுவரெலியாப் பக்கம் அருமையாக இருக்கும், விடியக் காலையில் புல்லில் உறைபனி பார்க்கும் வாய்ப்பும் அப்போதுதான்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மலைக்குள் தூரப் பயணம் வேண்டாம் என்பேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம்ம மாவட்டங்களை என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் வழியில் உள்ள பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால், முற்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தை நிறுத்திவிடுங்கள்.

ஏப்ரலில் நுவரெலியா போகலாமா?

கூட்டத்தையும் கொண்டாட்டத்தையும் பார்க்க ஆசைப்பட்டால் போகலாம். அறை வாடகை பல மடங்கு ஏறியிருக்கும், கிரகரி வாவிப் பக்கம் வாகனம் நகராது. பக்கத்தில் இருப்பவர்கள் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடுவது மேல். தங்குவதென்றால் வேறு மாதம் பார்க்கலாம்.

கையில் அதிகம் காசில்லை. தோட்டத்தில் பேர் போடாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. எங்களுக்கு இதெல்லாம் சரிவருமா?

சரிவரும். பயணம் என்றால் இரண்டு மூன்று நாள் ஹோட்டலில் தங்குவதுதான் என்ற நினைப்பை விட்டால் போதும். ஞாயிறு அல்லது போயா நாளில் காலை முதல் பஸ்ஸில் போய் இரவு வீடு வந்து சேரும் பயணம் ஒன்றைப் பிள்ளையே திட்டம் போட்டால் அதுவும் முழுப் பயணம்தான். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழை இலையில் கட்டிக்கொண்டு போனால் கடைச் செலவு பாதியாகும்.

தங்குவதற்குச் சில வழிகள் உண்டு. வீட்டில் யாராவது அரசாங்க வேலையில், ஆசிரியராக இருந்தால் ரயில் வாரண்ட் இருக்கும், திணைக்களங்களுக்கும் மாகாண சபைகளுக்கும் சொந்தமான விடுதிகள் பல ஊர்களில் உத்தியோகத்தர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தக்காரர் வீடு இன்னொரு வழி, ஆனால் அங்கே போனால் பிள்ளைகள் "எத்தனை ஏ எடுத்தாய்" என்ற விசாரணைக்குள் மாட்டிக்கொள்வார்கள், அதைப் பெரியவர்கள் முதலிலேயே பேசி நிறுத்தி வைப்பது நல்லது. பலர் லயத்தில் பத்துக் குடும்பமாகச் சேர்ந்து மாசச் சீட்டுப் பிடித்து வேன் வாடகை சேர்க்கிறார்கள், அது நல்ல ஏற்பாடு. தீபாவளி முற்பணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம், அதைப் பல மாசம் கழித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு நாள் செலவுக்கான காசை எண்ணி பிள்ளை கையில் கொடுத்து "இன்றைக்கு எல்லோருடைய சாப்பாடும் உன் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். காலையிலேயே எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிவிட்டுப் பகலுக்குக் கொத்து ரொட்டி இரண்டு பார்சலை ஐந்து பேருக்குப் பிரிக்க நேர்ந்தால் நேரட்டும். நீங்கள் பர்ஸைத் திறக்காதீர்கள்.

பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எந்தக் கடல்?

மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கும் மேற்கும். இதை மாற்றிப் போனால் கொந்தளிக்கிற கடலைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பதுளைப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பாசிக்குடா லேசு. பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பாதை இருக்கிறது. அந்தக் குடாவில் நெடுந்தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான், நீந்தத் தெரியாத நம்ம பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான கடல் இல்லை. கண்டி, மாத்தளைக்காரர்கள் தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை போகலாம். ஆச்சிக்குக் கோணேஸ்வரம், எல்லோருக்கும் கன்னியாவின் 7 வெந்நீர்க் கிணறுகள், பிள்ளைகளுக்கு நிலாவெளி. நிலாவெளியிலிருந்து படகில் புறாத் தீவுக்குப் போய் முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்க்கலாம். அது கடல் தேசியப் பூங்கா, பவளப்பாறையில் மிதிக்கவோ உடைத்து எடுக்கவோ கூடாது என்பதைப் படகில் ஏறும் முன்னால் சொல்லிவிடுங்கள்.

மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடலின் இழுவை தெரியாது. ஆற்றுக்கும் குளத்துக்கும் பழகிய தைரியத்தில் இறங்கிவிடுவார்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும், முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்த வேண்டும். இதை வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

அப்போ அருவியில் குளிக்கலாமா?

ஊர்க்காரர் வழக்கமாகக் குளிக்கும் இடத்தில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும். மேலே எங்கோ பெய்த மழைக்குக் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் திடீரென்று ஏறும். தண்ணீர் கலங்கினாலோ இலை குப்பை அடித்துக்கொண்டு வந்தாலோ அந்த நிமிசமே கரையேற வேண்டும். நீர்த்தேக்கங்களில் இறங்கவே வேண்டாம், காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை எதுவானாலும். கரை சேற்றில் கால் புதையும், இரண்டடி தள்ளினால் ஆழம். தியலுமவின் மேல்பக்கத் தடாகங்களைப் படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். 220 மீற்றர் விழும் அருவியின் விளிம்பு அது. வழி தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் இல்லாமலோ, மழைக்காலத்திலோ போக விடாதீர்கள். இதில் மட்டும் பிள்ளைக்குத் தெரிவு கிடையாது.

நாம் இருப்பதே மலையில். மலையைச் சுற்றிப் பார்க்கக் காசு செலவழிப்பதா?

ஹட்டனில் பிறந்து வளர்ந்து, பத்தாம் வகுப்பு வரை எல்லவைப் போனில் மட்டும் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர். வெள்ளைக்காரர் வந்து பார்க்கும் இடம், நமக்கில்லை என்ற எண்ணம் அவர்கள் மனசில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. அதை உடைப்பதற்காகவாவது போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த வயசுக்கு ஏற்றவை என்று நான் சொல்வது ஏதாவது செய்ய இருக்கிற இடங்களை. தம்பேதன்ன தொழிற்சாலை 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. ஹப்புத்தளையிலிருந்து அதுவரைக்கும் பஸ் உண்டு, அங்கிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனை வரை தேயிலைக்குள் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் ஏற்றம். முகில் மூடும் முன்னால் மேலே இருக்க வேண்டும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது, இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும் வைத்துக் கட்டியது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த ஸ்டேஷன் தெமோதரை. பதுளைக்குப் போகும் ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியே போய், மலையைச் சுற்றி இறங்கி வந்து, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். கணக்கு, விஞ்ஞானம் படிக்கிற பிள்ளையிடம் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், சரிவைக் குறைக்கத் தூரத்தைக் கூட்டினார்கள் என்பதைத் தானே கண்டுபிடிக்கும்.

சிவனொளிபாதமலையும் இந்த வயசுக்கே செய்த மாதிரி. 2,243 மீற்றர், ஆயிரக்கணக்கான படி, ராத்திரி நடை. டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரைதான் பருவம், அப்போதுதான் வழியில் விளக்கும் கடையும் இருக்கும். நல்லதண்ணிப் பக்கம் ஏறுங்கள், போயா இரவையும் சனிக்கிழமை இரவையும் தவிர்த்தால் தள்ளுமுள்ளு இல்லாமல் ஏறலாம்.

ரயிலில் போவது எப்படி?

எல்லப் பக்கம் போகும் ரயில்களில் முன்பதிவு ஆசனங்கள் திறந்த கையோடு முடிந்துவிடும். நமக்கு முழுத் தூரமும் தேவையில்லை. நானுஓயாவிலிருந்து ஹப்புத்தளை, அல்லது பண்டாரவளையிலிருந்து பதுளை என்று ஒரு துண்டை எடுத்து, முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு டிக்கட்டில் வார நாளில் போனால் செலவும் குறைவு. நானுஓயா துண்டில் 1,891 மீற்றர் உயரத்தில் உள்ள பட்டிப்பொல ஸ்டேஷனும் வரும், நாட்டிலேயே உயரத்தில் உள்ள ஸ்டேஷன் அதுதான். மண்சரிவால் இந்தப் பாதை துண்டு துண்டாக மூடப்படுவதுண்டு, அதனால் போகும் நாளுக்கு முதல் நாள் பக்கத்து ஸ்டேஷனில் கேட்டுவிட வேண்டும்.

கதவில் தொங்கிப் படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. சுரங்கச் சுவரும் மரக்கிளையும் சில இடங்களில் ஒரு சாண் தூரத்தில் வரும். கண்டிப்பாகக் கூடாது.

காலையில் எழுப்பவே முடியவில்லை, பாதி நாள் தூக்கத்தில் போய்விடுகிறது.

அது சோம்பலில்லை. இந்த வயசில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, ராத்திரி தூக்கம் வரத் தாமதமாகும், காலையில் விட மறுக்கும். 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆகவே பயணத்தில் ஒரே ஒரு விடியக்காலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது எழும்பினதுக்குத் தகுந்ததாக இருக்கட்டும். ஹோர்ட்டன் சமவெளி அப்படி ஒன்று. வாசல் 6 மணிக்குத் திறக்கும், உலக முடிவு என்ற மலை விளிம்பில் ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் பனி ஏறிவிடும், சுற்றுப்பாதை 9 கிலோமீற்றர் சொச்சம், வழியில் மரைகள் மேயும். பொலித்தீன் பைகளை வாசலிலேயே பிரித்து எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போங்கள். அடுத்த நாள் 9 மணி வரை தூங்க விடுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் இருவரும் நிம்மதியாகப் பிளேன்டீ குடிக்கலாம்.

போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

வேண்டாம். வரைபடம், ரயில் நேரம், படம் எல்லாம் அதில்தான் இருக்கிறது, அவற்றுக்குப் பொறுப்பும் பிள்ளைதான். சாப்பிடும்போது யாருமே தொடக் கூடாது என்று ஒரு விதி போதும், அது அப்பாவுக்கும் சேர்த்துத்தான். மலைக்குள் பாதி இடத்தில் சிக்னல் இல்லை என்பதால் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆச்சியும் வருகிறார், எட்டு வயசுத் தம்பியும் வருகிறான். எல்லோரையும் எப்படிச் சமாளிப்பது?

எல்லோரும் எல்லா நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காலையில் பெரியவள் அப்பாவோடு குன்று ஏறட்டும், ஆச்சியும் தம்பியும் கீழே இருக்கட்டும், பகல் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அக்காவின் தலையில் கட்டிவிட்டு நாம் லீவு எடுக்கக் கூடாது. வீட்டில் வருசம் முழுக்க அதைத்தான் செய்கிறாள்.

மகனைத் தனியாகக் கடைப்பக்கம் போக விடுகிறோம், மகள் ஏன் எனக்கு மட்டும் இல்லை என்று சண்டை போடுகிறாள்.

நியாயமாகத்தான் கேட்கிறாள். பயம் நமக்கு இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் விதி இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு பேராகப் போவது, சொன்ன நேரத்துக்குத் திரும்புவது, போனை அணைத்து வைக்காமல் இருப்பது, இருட்டுவதற்குள் வந்துவிடுவது. பட்டப்பகலில் பண்டாரவளை டவுனில் ஒரு மணி நேரம் சுற்றி வரப் பதினைந்து வயசு மகளால் முடியும், முடிய வேண்டும்.

அம்மாமாருக்கு இன்னொன்று. மாதவிலக்கு நாள் எப்போது என்று திகதி முடிவு செய்யும் முன்பே மகளிடம் தனியாகக் கேளுங்கள், கோயில் பயணமென்றால் கட்டாயம். நீண்ட பஸ் பாதைகளில் சுத்தமான கழிவறை எங்கே என்று தெரிந்து வைத்திருங்கள். இதைப் பற்றிப் பேசாததால் பயணம் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் வரும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"நான் வரவில்லை, நீங்கள் போங்கள்" என்கிறான்.

காரணத்தைக் கேளுங்கள். கூட்டாளிகளை விட்டு வர மனசில்லை என்றால் ஒரு கூட்டாளியைக் கூட்டி வரச் சொல்லுங்கள், அந்த வீட்டில் நேரில் போய்ப் பேசி, செலவை யார் ஏற்பது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மாமா பிள்ளை, சித்தி பிள்ளை யாராவது சம வயசில் இருந்தால் இன்னும் சுலபம். பரீட்சைப் பயம் என்றால் அதை மதியுங்கள், பயணத்தை ஒரு நாளாகச் சுருக்குங்கள்.

சா/த எழுதி முடித்துவிட்டாள். வித்தியாசமாக ஏதாவது?

தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை போய்ப் பாருங்கள். நம்ம முன்னோர் 1823 தொடங்கி வந்து இறங்கி, காட்டு வழியாக நடந்த பாதை அது. 200 வருச நினைவாக 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் போனாலே போதும். தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடிக்கு 1914 முதல் கப்பல் ஓடியது, 1964 புயலோடு நின்றுபோனது. திருக்கேதீஸ்வரம் பக்கத்திலேயே இருக்கிறது. பயணத்தை மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் முடிக்கலாம்.

இன்னும் ஒரு நாள் இருந்தால் கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், பழைய லயத்தையே காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன்னால் ஆச்சியிடம் பேச்சுக் கொடுத்துப் போனில் பதிவு செய்து வரும் வேலையை மகளிடம் கொடுங்கள். எந்தத் துரை காலம், யார் கங்காணி, எந்த மலையில் கொழுந்து எடுத்தார் என்று ஆச்சி சொல்லச் சொல்ல அவளுக்கே கேள்விகள் வரும்.

வாந்தி, அட்டை, குளிர்?

வளைவுப் பாதையில் வாந்தி வரும் பிள்ளையை முன் சீட்டில் வையுங்கள், போன் பார்க்க விடாதீர்கள், வெறும் வயிறும் வேண்டாம் நிறைந்த வயிறும் வேண்டாம். அட்டைக்குக் காலில் சவர்க்காரத்தைக் காயப் பூசிக்கொள்வதும் உப்புப் பொட்டலமும் போதும். ஸ்வெட்டர் வேண்டாம் என்று ஸ்டைல் காட்டும் பிள்ளையிடம் வாதாடாமல் ஒன்றைக் கூடுதலாகப் பையில் போட்டுவிடுங்கள்.

வேன் பிடித்துப் போனால் டிரைவரிடம் என்ன பேசி வைக்க வேண்டும்?

கிலோமீற்றர் கணக்கா நாள் கணக்கா, தரிப்பிடக் காசு யாருடையது, அவருக்கு இரவில் படுக்க இடமும் சாப்பாடும் நாம் கொடுக்கிறோமா என்று புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். இரவில் மலைப்பாதை ஓட வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு 15 வயது தாண்டியிருந்தால் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு வரச் சொல்லுங்கள், அறை எடுக்கவும் உள்நாட்டவருக்கான நுழைவுச்சீட்டு வாங்கவும் கேட்பார்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மூன்றையும் பிள்ளையின் போனிலும் போட்டு வையுங்கள், டிரைவரின் இலக்கத்தையும் சேர்த்து.